பள்ளியை இணைக்கிறோம், தொகுதியை மட்டும் ஏன் கூட்டுகிறோம்?

தெம்பனிஸ்வாசி · இரவு 9:12

நான் படித்த தொடக்கப்பள்ளி இப்போது இல்லை. பிள்ளைகள் போதவில்லை என்று பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கட்டடம் போய்விட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வகுப்பில் பிள்ளை இல்லாமல் ஆசிரியரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் அந்த நியாயம் நாடாளுமன்றத்துக்குப் பொருந்தாதா? 2023இலும் 2024இலும் நம் சிங்கப்பூரின் கருவுறுதல் விகிதம் 0.97. அதாவது ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. அதே காலத்தில் தேர்ந்தெடுக்கப்படும் எம்.பி.க்கள் 93இலிருந்து 97 ஆகிவிட்டார்கள். ஓர் எம்.பி.க்கு ஆண்டுப் படி 192,500 வெள்ளி. நான்கு பேருக்கு 770,000 வெள்ளி. அந்தக் காசில் எத்தனை பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்சிச் சண்டை வேண்டாம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி யாராக இருந்தாலும் சரி. மக்கள் குறைந்தால் உறுப்பினர்களும் குறைய வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை · இரவு 9:40

கேள்வி நல்லதுதான். ஆனால் முதல் வரியிலேயே கணக்கு பிசகுகிறது. மக்கள் இன்னும் குறையவில்லை ஐயா. குறைவது பிறப்பு.

2025 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய 2.76 மில்லியன் பேர். 97ஆல் வகுத்தால் ஓர் எம்.பி.க்கு 28,400க்கு மேல். 1959இல் 51 இடங்கள், வாக்காளர்கள் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அன்று ஓர் உறுப்பினருக்குச் சுமார் 11,500 பேர்தான். ஆக, எம்.பி.க்கள் 51இலிருந்து 97 ஆனதைப் பார்த்துக் கோபப்படுகிறீர்கள். ஒவ்வொருவர் தலையிலும் இருக்கும் வாக்காளர்கள் இரண்டரை மடங்கு ஆனதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இங்கே வாக்களிக்கும் வயது 21. போன ஆண்டு பிறக்காத பிள்ளை 2046 வரைக்கும் எந்த எம்.பி.யின் கணக்கிலும் குறையப் போவதில்லை. பள்ளிக்கு ஏழு வருடத்தில் தெரியும், வாக்குச்சாவடிக்கு மூன்று மடங்கு காலம் ஆகும். நடுவில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல் புதுக் குடிமக்கள் வேறு சேர்கிறார்கள்.

தெம்பனிஸ்வாசி · இரவு 9:51

சரி, ஒத்துக்கொள்கிறேன். 2046 என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறைக்கலாமா?

கோப்பி_ஓ_கோசோங் · இரவு 9:55

2046இல் கோப்பி என்ன விலை விற்கும், அதைச் சொல்லுங்கள் முதலில்.

காரைக்குடி_டு_காலாங் · இரவு 10:30

நான் நிரந்தரவாசி. இங்கே எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் இது உயிர்ப்பிரச்சினை.

1962 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள். 1967இல் அது 39. இன்று வரைக்கும் 39தான். 1976இல் 42ஆம் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 1971 கணக்கெடுப்பின்படி இருக்கும் இடங்கள் அப்படியே இருக்கட்டும் என்று பூட்டுப் போட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்யும் மாநிலம் அதற்காக டெல்லியில் பலம் இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். 2001இல் அந்தப் பூட்டு திறந்திருக்க வேண்டும். 84ஆம் திருத்தம் வந்து, 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிவைத்தது.

"நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் அம்மா தலைமுறை அதை நம்பிச் செய்தது. இப்போது, "நீங்கள் குறைவாகப் பெற்றீர்கள், அதனால் உங்கள் குரலும் குறைவு" என்றால் எப்படி இருக்கும்? தெம்பனிஸ் அண்ணே, நீங்கள் செலவை மிச்சப்படுத்தலாம் என்று கேட்கிறீர்கள். எங்களுக்கு "மக்கள் குறைந்தால் உறுப்பினரும் குறையட்டும்" என்பது தண்டனை அறிவிப்பு மாதிரி காதில் விழுகிறது.

கணக்குப்பிள்ளை · இரவு 10:48

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் 41 குறைந்து 39 ஆனதைக் குடும்பக் கட்டுப்பாட்டின் தலையில் கட்டாதீர்கள். அது 1961 கணக்கெடுப்பின்படி நடந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் எல்லாம் அப்புறம் வந்த சங்கதி.

லக்னோக்காரன் பக்கமும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி, 39 உறுப்பினர்கள். ஒருவருக்குச் சுமார் 18.5 லட்சம். உத்தரப் பிரதேசம் ஏறக்குறைய 20 கோடி, 80 உறுப்பினர்கள். ஒருவருக்கு 25 லட்சம். அவன் ஓட்டு உங்கள் ஓட்டில் முக்கால் பங்கு மதிப்புத்தான் பெறுகிறது. அவன் பெற்றோர் நான்கு பிள்ளை பெற்றதற்கு அவன் என்ன செய்வான்?

காரைக்குடி_டு_காலாங் · இரவு 10:53

அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கள் வரிப் பணத்தில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்ற பேச்சையும் அதே தட்டில் வைத்து நிறுக்கட்டும், போதும்.

மட்டுறுத்துநர் · இரவு 10:58

வரிப் பங்கீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்க் குத்துச்சண்டை போடுங்கள்.

பழைய_குயின்ஸ்டவுன் · இரவு 11:20

தம்பிமார்கள் டெல்லி, லக்னோ என்று சுற்றுகிறீர்கள். இது நம் ஊரிலேயே நடந்த கதைதான்.

1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் மொத்தம் 159 இடங்கள். மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. தலைக்கணக்கு பாருங்கள். 1957 கணக்கெடுப்பிலேயே சிங்கப்பூரில் 14 லட்சத்துக்கும் மேல் மக்கள். சரவாக்கில் 1960இல் ஏழரை லட்சம்கூட இல்லை. பாதி ஆள் இருந்த இடத்துக்கு 24, நமக்கு 15.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. பேரம் பேசி ஒத்துக்கொண்டதுதான். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் எங்கள் கையில் இருக்கட்டும், அதற்குப் பதிலாக மத்தியில் இடங்கள் குறைந்தால் பரவாயில்லை என்று நம் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வானொலியில் கேட்ட ஞாபகம் இருக்கிறது, புரிந்த ஞாபகம் இல்லை. இரண்டே ஆண்டில் பிரிந்து வந்தோம். பிரிந்ததற்குக் காரணம் பல, அந்தப் 15ஐ மட்டும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வருவது இதுதான். இடங்களின் எண்ணிக்கை எங்கேயும் வெறும் வகுத்தல் கணக்காக இருந்ததில்லை. எதையோ கொடுத்து எதையோ வாங்குகிறார்கள். காரைக்குடித் தம்பி, உங்கள் மாநிலம் இடத்தை இழப்பதாக இருந்தால் பதிலுக்கு என்ன அதிகாரம் கேட்கலாம் என்று யோசிப்பது, 39ஐயே பிடித்துத் தொங்குவதைவிடப் பிரயோசனமாக இருக்கும்.

காரைக்குடி_டு_காலாங் · இரவு 11:26

ஐயா, இந்த 15 கணக்கு எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் இரண்டு ஆண்டில் முறிந்த பேரத்தையா எங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள்?

பழைய_குயின்ஸ்டவுன் · இரவு 11:31

அதுவும் சரிதான். தூங்கப் போகிறேன்.

வாசுகி_யீஷூன் · காலை 7:05

ரயிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உண்மையிலேயே குறைத்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. இத்தாலி 2020இல் பொது வாக்கெடுப்பு நடத்தியது. பத்தில் ஏழு பேர் ஆம் என்றார்கள். கீழவை 630இலிருந்து 400, மேலவை 315இலிருந்து 200. தைவான் 2008இல் 225ஐ 113 ஆக்கியது, ஏறத்தாழப் பாதி. ஹங்கேரி 2014இல் 386ஐ 199 ஆக்கியது. இவற்றில் எதையும் மக்கள்தொகைக்குப் பயந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இத்தாலியில் எடுபட்ட பேச்சு, அரசியல்வாதிகளின் செலவைக் குறைப்போம் என்பதுதான். மக்களுக்கு எம்.பி.க்கள்மேல் இருந்த எரிச்சல் ஓட்டாக விழுந்தது.

நியூசிலாந்தில் இன்னும் வேடிக்கை. 1999இல் 120ஐ 99 ஆகக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 81 பேர் குறைக்கச் சொன்னார்கள். வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். தங்கள் நாற்காலியைத் தாங்களே வெட்ட யாருக்கு மனம் வரும்!

நிஜமாகவே மக்கள் குறைந்த நாடு லாட்வியா. 1989இல் சுமார் 27 லட்சம், இப்போது 19 லட்சத்துக்கும் கீழே. நாடாளுமன்றத்தில் 1922 அரசியல் சட்டம் சொன்ன அதே 100 பேர்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு லட்சம் பேர் குறைந்தும் ஒரு நாற்காலி குறையவில்லை.

ஜப்பான் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேலவையில் தொத்தோரி, ஷிமானே என்ற இரண்டு மாநிலங்களை 2016 தேர்தலில் ஒரே தொகுதியாக்கினார்கள். தொகுஷிமா, கோச்சி இரண்டையும் அப்படியே. பட்டணத்து ஓட்டுக்கும் கிராமத்து ஓட்டுக்கும் மதிப்பு ரொம்ப விலகிப்போய் வழக்கு நீதிமன்றம் வரை போனதுதான் காரணம். ஆள் குறைந்த ஊர், ஆள் மட்டும் இல்லாமல் தனக்கென்று பேச ஓர் உறுப்பினரும் இல்லாமல் நிற்கிறது. முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊருக்குத்தான் குரல் அதிகம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அங் மோ கியோ வந்துவிட்டது. கூட்டம். அப்புறம் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை · காலை 8:15

வாசுகி அக்கா உலகம் சுற்றிக் காட்டிவிட்டார். நான் ஒரு சூத்திரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

எஸ்டோனியாவில் பிறந்த ரெய்ன் தாகெபெரா என்ற அரசியல் அறிஞர் 1972இல் ஒன்றைக் கவனித்தார். பல நாடுகளின் நாடாளுமன்ற அளவு, மக்கள்தொகையின் கனமூலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஓர் உறுப்பினர் இரண்டு பக்கம் பேச வேண்டும், தொகுதி மக்களோடும் சக உறுப்பினர்களோடும். அவையைச் சின்னதாக்கினால் மக்கள் பக்கம் சுமை ஏறும், பெரிதாக்கினால் அவைக்குள் கூச்சல் ஏறும். இரண்டும் சமன்படும் இடம் கனமூலம்.

நமக்குப் போட்டுப் பாருங்கள். 2024இல் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன், கனமூலம் 182. குடிமக்கள் மட்டும் என்றால் 3.64 மில்லியன், கனமூலம் 154. எப்படிப் பார்த்தாலும் 97 சின்ன எண். குடிமக்கள் 2 மில்லியனாகச் சுருங்கினால்கூட 126 வரும்.

இந்தச் சூத்திரத்தில் மக்கள்தொகை பாதியானாலும் அவை ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். தெம்பனிஸ்வாசி நினைப்பதுபோல் ஒன்றுக்கு ஒன்று குறையாது.

தெம்பனிஸ்வாசி · காலை 8:22

182 × 192,500 = 35 மில்லியன் வெள்ளி. சூத்திரம் கண்டுபிடித்தவரிடமே பில்லை அனுப்புங்கள்.

மலர்விழி_டீச்சர் · மதியம் 1:10

எல்லாரும் எண்ணிக்கை பேசுகிறீர்கள். நம்மவர்கள் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லையே.

97 இடங்களில் 82 குழுத்தொகுதிகளில், அதாவது பலர் ஓர் அணியாகச் சேர்ந்து நிற்கும் தொகுதிகளில் இருக்கின்றன. மொத்தம் 18 குழுத்தொகுதிகள், 15 தனித்தொகுதிகள். 1988இல் குழுத்தொகுதி வந்ததிலிருந்து ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்குத் தொகுதிகள் மலாய் வேட்பாளருக்கு, மீதி இந்தியருக்கும் பிற சிறுபான்மையினருக்கும். 18இல் மீதி என்பது ஏழு. இடங்களைக் குறைத்துக் குழுத்தொகுதிகளைப் பத்தாக்கினால் அந்த மீதி நான்கு.

நாம் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் அல்ல. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. அந்த உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது, ஆனால் பேச ஆள் வேண்டுமே! வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் யாராவது தமிழில் இரண்டு நிமிடம் பேசினால் மறுநாள் என் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் போட்டுக் காட்ட ஒன்று இருக்கிறது.

குறைப்பு என்று வந்தால் கத்தி முதலில் ஓரத்தில் இருப்பவர் மேல்தான் விழும்.

தெம்பனிஸ்வாசி · மதியம் 1:25

டீச்சர், இதை நான் யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம். இந்திய எம்.பி. தேர்தலில் நிற்க குழுத்தொகுதிதான் வேண்டும் என்று இல்லையே, தனித்தொகுதியிலும் ஜெயித்திருக்கிறார்களே?

மலர்விழி_டீச்சர் · மதியம் 1:32

ஜெயித்திருக்கிறார்கள். அதனால்தான் குழுத்தொகுதி முறை வேண்டுமா என்ற விவாதமே இருக்கிறது. ஆனால் ஜெயிக்க முடியும் என்பது வேறு, கட்டாயம் இருப்பார் என்பது வேறு.

மஞ்சள்_கோப்பு · இரவு 8:40

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதவில்லை. நான் ஓர் எம்.பி.யின் மக்கள் சந்திப்பில் ஒன்பது ஆண்டாகத் தொண்டூழியர். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். எல்லா இடத்திலும் காட்சி ஒன்றுதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடித்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வரிசை எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எங்களிடம் வந்து பிரச்சினையைச் சொல்வார்கள், நாங்கள் தட்டச்சு செய்வோம், அப்புறம் எம்.பி.யைப் பார்ப்பார்கள், கடிதம் போகும். வாகன நிறுத்த அபராதம், வாடகை வீட்டு விண்ணப்பம், மருமகளின் நீண்டகால வருகை அனுமதி, வேலை போய் மூன்று மாதம். ஓர் இரவில் ஐம்பது பேர் வந்தால் அதில் சட்டம் இயற்றுவதோடு தொடர்புள்ளது ஒன்றிரண்டு தேறும்.

இந்த வழக்கத்தை இங்கே ஆரம்பித்தவர் டேவிட் மார்ஷல். 1955இல் முதலமைச்சர் ஆனதும் மக்களை நேரில் பார்த்துக் குறை கேட்டார். அன்றைக்கு மனு எழுதத் தெரியாத ஊர். இன்றைக்கு எல்லாம் கைப்பேசியில் இருந்தும் வரிசை குறையவில்லை. சொல்லப்போனால், கைப்பேசியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். கடவுச்சொல் மறந்துபோன எழுபது வயது மூதாட்டிக்கு எம்.பி.தான் கடைசிக் கதவு.

அதோடு 1989இலிருந்து நகர மன்றமும் எம்.பி. தலையில்தான். மின்தூக்கி நின்றால் அவர், எலி ஓடினால் அவர், பராமரிப்புக் கட்டணம் ஏறினால் அவர். லண்டனிலோ டோக்கியோவிலோ இதற்கெல்லாம் நகராட்சி உறுப்பினர் தனியாக இருக்கிறார். நமக்கு அந்தப் படியே கிடையாது. ஆகவே 97ஐ மற்ற நாட்டு நாடாளுமன்றத்தோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இவர்கள் பாதி நாள் கவுன்சிலர்கள்.

வருகிறவர்களில் ஓட்டு இல்லாதவர்களும் உண்டு. காரைக்குடித் தம்பி மாதிரி நிரந்தரவாசிகள் வருவார்கள். தொகுதி எல்லையை வாக்காளர் தலையை எண்ணி வகுக்கிறோம், வேலை மட்டும் அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் நடக்கிறது. எனவே "மக்கள்தொகை குறைந்தால்" என்று கேட்கும்போது எந்த மக்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். குடிமக்கள் சுருங்கினாலும் அந்த நாற்காலிகள் காலியாகாது. வயதானவர்கள் கூடக்கூட ஒருவருக்கு ஆகும் நேரமும் கூடுகிறது. இளைஞர் பத்து நிமிடத்தில் எழுந்து போவார். அந்த மூதாட்டிக்கு நாற்பது நிமிடம், அதில் இருபது நிமிடம் மகனைப் பற்றி.

குறைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. மின்தூக்கியையும் அபராதத்தையும் பார்க்க வேறு ஆள் போடுங்கள். அப்புறம் சட்டம் பேச அறுபது பேர் போதுமா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் தலையை மட்டும் வெட்டினால் என்னைப் போன்றவர்கள் வீட்டுக்குப் போக நள்ளிரவு தாண்டும்.

கணக்குப்பிள்ளை · இரவு 9:02

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அமைச்சர், துணையமைச்சர், நாடாளுமன்றச் செயலாளர் எல்லாரும் இந்த உறுப்பினர்களில் இருந்துதான் வருகிறார்கள். அமைச்சுகளின் எண்ணிக்கை மக்கள்தொகையோடு சுருங்காது. அவையை 60 ஆக்கினால் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் அப்படியே இருப்பார்கள். குறைவது கேள்வி கேட்பவர்கள். இத்தனைக்கும் எதிர்க்கட்சியில் இன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பத்தே பேர், தோற்றும் அவையில் இடம் கிடைத்த தொகுதியில்லா உறுப்பினர்கள் இரண்டு.

கோப்பி_ஓ_கோசோங் · இரவு 9:10

கேள்வி கேட்கவே மாட்டேன் என்பவர்களைக் குறைத்தால் என்ன?

வாசுகி_யீஷூன் · இரவு 9:14

அதற்குத்தான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பேனா கொடுக்கிறார்களே.

தெம்பனிஸ்வாசி · இரவு 9:45

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முழுதாக மாறிவிடவில்லை. 97 என்பது புனித எண் அல்ல. அண்மைத் தேர்தல்களுக்கு முன்னால் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு அறிக்கை வரும்போதெல்லாம் சில இடங்கள் கூடியிருக்கும், எதனால் கூடியது என்று பொங்கோல் வட்டாரம் வளர்ந்தது போன்ற ஒரு வரியைத் தாண்டி விளக்கமாக யாராவது சொன்னால் எனக்கு இந்த எரிச்சலே வந்திருக்காது. ஆனால் பள்ளியோடு ஒப்பிட்டது தப்பு. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஆசிரியர் தேவையில்லை. இங்கே ஆள் குறையும்போது வேலை குறையவில்லை என்று மஞ்சள் கோப்பு சொல்வது எனக்குப் புதிது.

மஞ்சள் கோப்பு, ஒரு கேள்வி. உங்கள் இடத்தில் தமிழில் எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா?

மஞ்சள்_கோப்பு · இரவு 9:58

என்னோடு சேர்த்து இரண்டு பேர். மற்றவருக்கு அடுத்த மாதம் முட்டி அறுவை சிகிச்சை.

தெம்பனிஸ்வாசி · இரவு 10:03

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

மஞ்சள்_கோப்பு · இரவு 10:04

ஏழரை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நடுவில் எழுந்திருக்க முடியாது. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.